ஊர்ப்பணத்தில் ஒரு கல்லூரி

(அரசுக் கலைக் கல்லூரி ஒன்றின் பொருளியல் துறை விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ஓர் இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை அவர் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். சம்பளம் மாதம் 30 ரூபாய். பட்டம் கிடையாது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அன்றைய விதி. இவருக்காகப் பல்கலைக்கழகம் அந்த விதியைத் தளர்த்தியது. பதிலுக்கு அது கேட்டது ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான்.

இராமானுஜனைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பேசுகிறோம், அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயாரைப் பேசுகிறோம். அந்த 75 ரூபாயைப் பேசுவதில்லை. அது எந்தத் தனவந்தரின் கொடையும் அன்று. ஒரு பொது நிறுவனம், தன் விதிப்படி செலவு செய்யவேண்டிய பணத்தை, என்ன பயன் வரும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு வேலைக்காக எடுத்துக் கொடுத்தது. எண்களின் பிரிவினை பற்றி ஒருவர் யோசிப்பதால் சென்னை மாகாணத்தில் யாருக்கு வயிறு நிறையும் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், பதில் சொல்ல ஆளில்லை. ஆனாலும் கொடுத்தார்கள்.

இதே வாழ்க்கையின் முன்பாதியையும் மறந்துவிடக் கூடாது. உதவித்தொகை பறிபோன அந்த ஆண்டுகளில் அவருடைய வீட்டால் அவரைத் தாங்க முடியவில்லை. பொதுப்பணம் கைவிட்டபோது ஒரு மேதை வேலை தேடி அலைந்தார். பொதுப்பணம் கைகொடுத்தபோது கணக்கு செய்தார். இரண்டும் ஒரே மனிதருக்கு நடந்தது, பத்தாண்டுக்குள் நடந்தது.

மேதைகளை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பொருளியல் நடத்தியே பணிக்காலம் முழுவதையும் அரசுக் கல்லூரிகளில் கழித்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் கிராம நிர்வாக அலுவலர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள். இவர்களைப் படிக்க வைக்க ஊர்ப்பணத்தை எதற்காகச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி. 'படித்தால் சம்பாதிக்கப் போவது அவன். அவனே கட்டட்டும்' என்ற வாதம் டீக்கடையிலும் கேட்கிறது, நிதிக்குழு அறிக்கைகளிலும் கேட்கிறது. நேர்மையான வாதம்தான். நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவத்தில் தொடங்குகிறேன். அங்கே கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டில் கோடி ரூபாய். அந்தக் கோடியைக் கட்டிய குடும்பம் என்ன செய்யும்? நிலத்தை விற்றிருந்தாலும் சரி, கடன் வாங்கியிருந்தாலும் சரி, அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எங்கிருந்து எடுப்பது? நோயாளியிடமிருந்துதான். இதில் அந்த மருத்துவரின் குணத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை; வட்டிக் கணக்கு அப்படி. கடனோடு வெளியே வருகிற மருத்துவர் ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார முடியாது. படிப்புச் செலவை மாணவரின் தலையில் கட்டினால் அது மறைந்துவிடுவதில்லை. பத்து ஆண்டு கழித்து நம் வீட்டு ஆஸ்பத்திரி பில்லில் வந்து நிற்கிறது.

தமிழ்நாடு இதற்கு ஒரு மாற்றுவழியை நெடுங்காலமாக வைத்திருந்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு முதுகலை மருத்துவ இடங்களில் ஐம்பது விழுக்காடு. கிராமத்தில் சில ஆண்டுகள் வேலை செய். மேற்படிப்பு இடம் கிடைக்கும். படித்து முடித்துத் திரும்ப அரசு மருத்துவமனைக்கே வா. மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வட்ட மருத்துவமனையிலும் இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். நள்ளிரவில் ஆபரேஷன் செய்து ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற இந்த மூன்று பேரும் ஒரே கட்டடத்தில் இருந்தாக வேண்டும். இடையில் மத்திய விதிமுறைகளால் இந்த ஒதுக்கீடு சிக்கலுக்குள்ளானது. மாநிலங்களுக்கு இதைச் செய்ய உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை என்ன என்று யோசியுங்கள். முதுகலை இடங்கள் அரசிடம் இருந்தன. அரசிடம் இடம் இருந்ததால்தான் அதைக் காட்டி மருத்துவரைக் கிராமத்துக்கு அழைக்க முடிந்தது. கல்லூரிகளை எல்லாம் தனியாரிடம் விட்டுவிட்ட ஓர் அரசிடம், 'வா' என்று சொல்வதற்கு என்ன இருக்கும்?

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், இராமநாதபுரம், அரியலூர், நீலகிரி என்று, பெரிய மருத்துவமனைக்காகப் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஊர்கள். ஒரு மருத்துவக் கல்லூரி வருகிறது என்றால் மாணவருக்கு இடம் வருகிறது என்பது மட்டும் இல்லை. அந்த மாவட்டத்துக்குச் சிறப்பு மருத்துவர்கள் வருகிறார்கள், இரத்த வங்கி வருகிறது, இருபத்து நான்கு மணி நேரமும் பயிற்சி மருத்துவர்கள் வார்டில் நிற்கிறார்கள். அதில் படிக்காதவர்களுக்குத்தான் அந்தக் கல்லூரியால் அதிகப் பயன்.

வேளாண்மைக்கு வருவோம். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் அரசு செலவில் தொடங்கப்பட்டது. ஜாவாவிலிருந்து சர்க்கரை வந்து குவிந்துகொண்டிருந்த காலம். அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாம் பயிரிடும் கரும்பை நாணல் போன்ற காட்டுக்கரும்போடு கலந்து, வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் இனத்தை உண்டாக்கினார்கள். 1918-இல் வெளிவந்த கோ 205 அப்படிப் பிறந்தது. 'கோ' என்பது கோயம்புத்தூர். பஞ்சாபில் ஒரு விவசாயி தன் வயலில் நட்ட கரும்பின் பெயரில் நம் ஊரின் முதலெழுத்து இருந்தது. பின்னாளில் அந்த நிறுவனத்துக்கு வந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். இரண்டும் அரசுக் கல்லூரிகள். நம்முடைய வெள்ளைப் பொன்னி அரிசியும் அப்படித்தான்: மலேசிய மசூரி இனத்திலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. விவசாயி அந்த நெல்லை எடுத்து வைத்து மறுபடி விதைத்தார், பக்கத்து வயல்காரருக்கும் கொடுத்தார். யாரும் ராயல்டி கேட்டு வரவில்லை. கல்லூரிச் செலவை மாணவரின் கட்டணத்திலிருந்தும் ஆராய்ச்சிச் செலவை நிறுவனங்களின் பணத்திலிருந்தும் எடுத்திருந்தால் அந்த விதை ஒரு பொட்டலத்துக்குள் அடைபட்டு, ஆண்டுக்கு ஒருமுறை விலை உயர்ந்துகொண்டிருக்கும்.

படித்தவருக்குக் கிடைக்கும் சம்பளம் என்பது படிப்பின் பலனில் ஒரு பங்குதான் என்று பொருளியலில் சொல்வது இதனால்தான். மீதிப் பங்கு ஊருக்குப் போகிறது. ஊருக்குப் போகும் பங்குக்கு மாணவரின் குடும்பம் விலை கொடுக்காது. கொடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. அதை ஊர்தான் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி வரும். ஏழையும் வரி கட்டுகிறார். கல்லூரிக்குப் போவது வசதியுள்ளவர் பிள்ளை. ஏழையின் வரியில் வசதிக்காரர் படிக்கலாமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதும் இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு தாயும் வரி கட்டுகிறார். அந்தத் தாயின் மகளுக்குக் கல்லூரியில் இடமில்லை என்றால் அது கொள்ளை. ஆனால் இதற்குத் தீர்வு கல்லூரிக் கதவை எல்லோருக்கும் விலைபோட்டு வைப்பதா, அந்த மகளை உள்ளே கொண்டுவருவதா?

தமிழ்நாடு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. இடஒதுக்கீடு நூறாண்டுக் கதை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. அண்மைக் காலத்தில் மட்டும் பார்த்தால், தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்பில் பயிற்றுக் கட்டணச் சலுகை வந்தது. அரசுக் கலைக் கல்லூரிகளில் பயிற்றுக் கட்டணமே நீங்கியது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்தபிறகு, லட்சக்கணக்கில் கட்டிப் பயிற்சிக்குப் போகமுடியாத பிள்ளைகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரிக் கதவு ஏறத்தாழச் சாத்தியே இருந்தது. அந்த ஏழரை விழுக்காடுதான் அதைக் கொஞ்சம் திறந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம்: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவந்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்கில். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்துச் செலவு கல்வித் துறையின் கணக்கில் வராது. ஆனால் 'காலேஜுக்கு பஸ்ஸுக்கே ஆகிவிடுகிறது' என்று சொல்லிப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திய வீடுகளை நான் அறிவேன். என்னைப் பொறுத்தவரை அந்தப் பேருந்து ஒரு கல்வித் திட்டம்.

இவற்றில் கடைசித் திட்டங்கள் வருவதற்கு முன்பே இந்த வழியின் விளைவு எண்களில் தெரிந்தது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரையுள்ள நூறு பேருக்கு நாற்பத்தேழு என்ற அளவில் உயர்கல்வியில் இருக்கிறார்கள்.

இந்த நாற்பத்தேழில் கணிசமான பகுதி தனியார் கல்லூரிகளில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் தொடங்கிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கு மேல் பெருகின. அவற்றால் படித்து முன்னேறியவர்கள் ஆயிரமாயிரம். அந்தக் குடும்பங்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தனியார் கல்லூரி எந்தப் படிப்பைத் திறக்கும்? விற்கும் படிப்பைத் திறக்கும். கணினி அறிவியலுக்கு ஆள் வந்தால் அதைப் பெருக்கும். சிவிலும் மெக்கானிக்கலும் காற்று வாங்கினால் மூடும். இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் கல்வெட்டியலுக்கும் புள்ளியியலுக்கும் அங்கே இடம் சுருங்கும். நாற்பது ஆண்டு கழித்து எந்தத் துறை வேண்டியிருக்கும் என்று இந்த ஆண்டுச் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழடியில் மண்ணைத் தோண்டியபோது பானை ஓட்டின்மேல் கீறிய எழுத்தைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களை உருவாக்கிய துறைகளில் சேர எந்தக் காலத்திலும் வரிசை நின்றதில்லை.

அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கும் ஒரு செய்தி பலருக்கும் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தமக்கை சோரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதை உருக்கமான கதையாக மேடைகளில் சொல்கிறோம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பயமாக இருக்கும். அந்த வீட்டில் வளையல் இருந்தது. இராமேசுவரத்தில் அதே தெருவில் வளையல் இல்லாத வீடும் இருந்திருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை யார், அவர் என்னவாக ஆகியிருப்பார் என்பது எவருக்கும் தெரியாது. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரியில் படிக்கவே சமஸ்தான மன்னரின் ஆணை தேவைப்பட்டது. மன்னர் நல்லவராக அமைந்தார். நமக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கிடைத்தது. மன்னர் நல்லவராக அமையவேண்டும், தமக்கையிடம் நகை இருக்கவேண்டும் என்ற நிலையிலிருந்து நம்மை விடுவிப்பதற்குத்தான் வரி, சட்டமன்றம், மானியம் எல்லாம்.

கடன் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 1963-இல் அங்கே ராபின்ஸ் குழு, தகுதியுள்ள எவருக்கும் பல்கலைக்கழக இடம் இருக்கவேண்டும் என்று சொன்னது; உள்நாட்டு மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்ற காலம் அது. 1998-இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் கட்டணம் வந்தது. 2006-இல் அது மூவாயிரம் ஆனது, 2012-இல் ஒன்பதாயிரம் ஆனது; மாணவர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். இவ்வளவு வாங்கியும் இன்று அங்கே பல பல்கலைக்கழகங்கள் பற்றாக்குறையில் திணறுகின்றன, துறைகளை மூடுகின்றன. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை நம்பி நாளை ஓட்டுகின்றன. அந்த வெளிநாட்டு மாணவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுப் போனவர்கள். ஜெர்மனியும் இடையில் சிறு கட்டணம் வாங்கிப் பார்த்தது; 2014-க்குள் எல்லா மாநிலங்களும் முதல் பட்டப்படிப்புக்கான கட்டணத்தைக் கைவிட்டன. அங்கே தொழில் நசிந்துவிடவில்லை.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் அங்கே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. ஆசியாவில் அது பெரிய சாதனை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அதில் படித்து மேலே வந்தார்கள். ஆனால் பல்கலைக்கழக இடங்கள், தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளரவில்லை. இடம் கொஞ்சம், வரிசை நீளம். எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர் சிங்கள மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம் என்றானது. அதில் உண்டான காயம் என்னவெல்லாம் ஆனது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. போருக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அந்த அநீதிக்கு இடப்பற்றாக்குறையும் சமாதானம் ஆகிவிடாது. நான் சொல்வது இவ்வளவுதான்: இலவசம் என்று அறிவித்துவிட்டு இடத்தைப் பெருக்காமல் விட்டால், பிள்ளைகள் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள், அந்தப் பகையைப் பயன்படுத்த அரசியல் காத்திருக்கும்.

நம் வீட்டுக்கு வருவோம். இன்று உங்களிடம் சொல்லவந்த முக்கியமான செய்தி இதுதான். மாணவருக்குப் பணம் கொடுப்பது வேறு, கல்லூரிக்குப் பணம் கொடுப்பது வேறு. நாம் முதலாவதில் நாட்டுக்கே வழிகாட்டினோம். இரண்டாவதில் கையை இழுத்துக்கொண்டே வருகிறோம்.

கட்டணத்தை நீக்கினோம். கட்டணம் இருந்தபோது அந்தப் பணத்தால் ஏதோ சாக்பீஸாவது வாங்கினார்கள். அதன் இடத்தில் என்ன வைத்தோம்? மாணவர் எண்ணிக்கை கூடியது, இரண்டாம் ஷிப்டு வந்தது. நிரந்தர ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலியில் கௌரவ விரிவுரையாளர் உட்கார்ந்தார். முனைவர் பட்டம், நெட், ஸ்லெட் எல்லாம் முடித்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தரப் பேராசிரியர் வாங்குவதில் சிறு பங்குதான் அவர்களுக்கு. ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளம். மே மாதம் கிடையாது. வேறு கல்லூரியில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் பருவத்தின் நடுவில் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஏரியின் மதகைத் திறந்துவிட்டோம், தூர் வாரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் கடைமடைக்காரர் விவசாயம் தெரியாதவர் என்று சொல்வதுபோல, 'அரசுக் கல்லூரியில் படித்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்கிறோம்.

பல்கலைக்கழகங்களின் நிலை இதைவிட மோசம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வருமான வரித்துறை முடக்கியது. பல கோடி வரி பாக்கி. எதற்கு வரி? அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. அரசு கொடுக்கும் மானியம் மொத்தத்தில் பாதியைக்கூட எட்டவில்லை, ஆகவே இதை அரசு நிதியில் இயங்கும் நிறுவனமாகக் கொள்ள முடியாது என்பது வரித்துறையின் நிலைப்பாடு. இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இராமானுஜனுக்கு 75 ரூபாய் கொடுத்த பல்கலைக்கழகம், அரசின் பல்கலைக்கழகம்தானா என்று ஓர் அரசுத் துறை கேட்கும்படி அதை விட்டுவைத்திருந்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமானதைச் செய்தித்தாள்களில் பார்த்தீர்கள். தொலைநிலைக் கல்விக் கட்டணமும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணமுமாக வந்த வருமானம் வற்றியது. ஓய்வூதியச் சுமை ஏறியது. தணிக்கைத் தடை என்று சொல்லி மானியம் நின்றது. நிர்வாகத் தவறுகளும் உண்டு, மறைக்க வேண்டாம். தவறு செய்தவரைத் தண்டியுங்கள். அதற்காக வேதியியல் ஆய்வகத்தின் எரிவாயு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

தில்லியின் போக்கும் இதே திசையில்தான். 1976-இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. அதிகாரத்தில் பங்கு எடுத்துக்கொண்ட மத்திய அரசு, செலவில் அதே அளவு பங்கு எடுக்கவில்லை. கோத்தாரி ஆணையம் 1966-இல் தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 1968 கொள்கை அதைத் திரும்பச் சொன்னது, 1986 கொள்கை சொன்னது, 2020 கொள்கையும் சொன்னது. எந்த ஆண்டும் எட்டியதில்லை. 2017-இல் உயர்கல்வி நிதி முகமை என்ற ஒன்றை அமைத்தார்கள். முன்பு கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் மானியமாக வந்த பணம் இப்போது மத்திய நிறுவனங்களுக்குக் கடனாக வருகிறது. கடனை அடைக்க நிறுவனம் எங்கே போகும்? கட்டணத்தைத்தான் பார்க்கும். ஐ.ஐ.டி.களிலோ அதற்கு முன்பே, 2016-இல், ஆண்டுப் பயிற்றுக் கட்டணம் 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக ஏறியிருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மிக ஏழைகளுக்கும் விலக்கு உண்டு. விலக்குக்கும் வசதிக்கும் நடுவில் இருக்கும் குடும்பம் வங்கி வாசலில் நிற்கிறது.

வள்ளல்கள் வருவார்கள் என்று சொல்பவர்களுக்கு அழகப்பச் செட்டியாரை நினைவூட்டுகிறேன். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். அந்தப் பெருமனத்துக்கு ஈடு இல்லை. கொடுத்தவர் அதை யாரிடம் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். அரசிடம் கொடுத்தார். 1953-இல் திறந்த அந்த நிறுவனத்தை அன்றிலிருந்து ஆண்டுதோறும் நடத்திவருவது வரிப்பணம். கட்டடம் கட்ட ஒரு வள்ளல் போதும். எழுபது ஆண்டு சம்பளம் கொடுக்க ஒரு நாடு வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் 2013-இல் அரசுதான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மாணவர்களே, நேரம் ஆகிவிட்டது; ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்தக் கல்லூரிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியப் பணியிடங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரப்பியவை எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் கடந்த ஐந்தாண்டில் ஆண்டுவாரியாக வந்த தொகை எவ்வளவு என்ற நான்கு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பக்கத்து மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் நண்பர்களையும் போடச் சொல்லுங்கள். வரும் பதில்களை அட்டவணையாக்கி, மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, மூன்றாமாண்டு ஆய்வேடாக எழுதுங்கள். உங்கள் துறைத்தலைவர் அனுமதிப்பார் என்று நம்புகிறேன். சட்டமன்றத்தில் உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பாக அதன் படி ஒன்று உங்கள் தொகுதி உறுப்பினரின் கையில் இருக்கட்டும். கௌரவ விரிவுரையாளர்களின் மே மாதச் சம்பளம் பற்றி அவர் அங்கே கேட்கவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். கொடுக்கப் போகும்போது உங்கள் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.